மஞ்சளில் ஏறிய ஈயம்: வங்கதேசத்தில் மூளைநலத்துக்காக நடந்த ஒரு கூட்டு முயற்சி

வங்கதேசத்தின் கிராமப்புறத்தில் 430 கர்ப்பிணிகளின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தபோது கணக்கு உதைத்தது. அவர்களில் 31 சதவீதம் பேருக்கு ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராமுக்கும் மேல் ஈயம் (காரீயம், அதாவது லெட்) இருந்தது. தொழிற்பேட்டைகளை ஒட்டிய நகரப் பகுதி என்றால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். இவையோ வயலும் குளமுமான ஊர்கள். ஈயம் கலந்த பெட்ரோலை நாடு 1999லேயே நிறுத்திவிட்டது. அப்புறம் இந்த ஈயம் எங்கிருந்து வந்தது?

விடையைக் கண்டுபிடிக்கச் சில ஆண்டுகள் ஆயின. கண்டுபிடித்த பிறகு அந்த வழியை அடைக்க இரண்டே ஆண்டுதான் ஆனது. இதில் பங்கெடுத்தவர்கள் பொதுச் சுகாதார ஆய்வாளர்கள், புவிவேதியியல் தெரிந்தவர்கள், ஊர் ஊராகப் போய்ப் பேட்டி எடுத்த களப்பணியாளர்கள், உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள், பத்திரிகையாளர்கள், மஞ்சள் மண்டிக்காரர்கள். முன்வரிசையில் நரம்பியல் மருத்துவர்கள் இல்லை. மூளைநலம் பற்றிய நிகழ்வு ஆய்வுக்கு இதை எடுத்துக்கொண்டதற்கு அதுவே காரணம். உலக சுகாதார நிறுவனம் 2022ல் வெளியிட்ட மூளைநல நிலைப்பாட்டு அறிக்கை, சிகிச்சை வசதியோடு சுற்றுச்சூழலையும் மூளைநலத்தைத் தீர்மானிக்கும் காரணிகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. அந்த வரிக்கு நடைமுறையில் என்ன பொருள் என்று கேட்டால், இந்தக் கதையைச் சொல்லலாம்.

ஈயம் மூளையில் என்ன செய்கிறது

ஈய அயனிக்கும் கால்சிய அயனிக்கும் மின்னேற்றம் ஒன்றே. உடலால் இரண்டையும் சரியாகப் பிரித்தறிய முடிவதில்லை. கால்சியத்துக்காகத் திறக்கும் வழிகளில் எல்லாம் ஈயமும் நுழைந்துவிடுகிறது. குடலிலிருந்து ரத்தத்துக்கு, ரத்தத்திலிருந்து எலும்புக்கு, நஞ்சுக்கொடி வழியாகச் சிசுவுக்கு, கடைசியில் மூளைக்கு. நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதே கால்சியத்தின் தயவில்தான். அந்த இடத்தில் ஈயம் உட்கார்ந்தால் வேதிச் சமிக்ஞைகள் நேரம் தவறி வெளிப்படும். நினைவுக்கும் கற்றலுக்கும் வேண்டிய என்எம்டிஏ ஏற்பிகள் என்ற புரதங்கள் மந்தமாகும். வளர்ந்தவர்களின் மூளைக்கும் இது கெடுதல்தான். ஆனால் இணைப்புகள் உருவாகிக்கொண்டிருக்கும் சிசுவின் மூளைக்கும் குழந்தையின் மூளைக்கும் வரும் சேதம் நிலைத்துவிடுகிறது.

கர்ப்பிணிகளை ஏன் சோதித்தார்கள் என்பதற்கும் உடலியல் காரணம் உண்டு. வளர்ந்தவர் உடலில் தங்கும் ஈயத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் எலும்பில் போய்ச் சேர்கிறது. அங்கே பல பத்தாண்டுகள் கிடக்கும். கர்ப்ப காலத்தில் சிசுவின் எலும்புக்காகத் தாயின் எலும்பிலிருந்து கால்சியம் கரையும்போது பழைய ஈயமும் சேர்ந்து கிளம்புகிறது. அதாவது, தாய் சிறுமியாக இருந்தபோது உண்டதுகூடப் பிள்ளைக்கு வந்து சேரலாம்.

எவ்வளவு வரை பரவாயில்லை? அப்படி ஓர் அளவு இல்லை. 2005ல் புரூஸ் லான்ஃபியர் குழு ஏழு நீண்டகால ஆய்வுகளிலிருந்து 1,333 குழந்தைகளின் தரவை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. ரத்த ஈயம் 2.4லிருந்து 10 மைக்ரோகிராமாக உயரும்போது நுண்ணறிவு ஈவு (ஐக்யூ) 3.9 புள்ளி குறைந்தது. அதற்கு மேல் 10லிருந்து 30 வரை உயர்ந்தபோது கூடுதலாகக் குறைந்தது சுமார் 3 புள்ளி. முதல் சில மைக்ரோகிராம்களே அதிகம் பறித்துக்கொள்கின்றன. ஒரு குழந்தையிடம் நாலு புள்ளி குறைந்தால் பெற்றோருக்குத் தெரியாது, ஆசிரியருக்கும் தெரியாது. மருத்துவமனைக்கு யாரும் போக மாட்டார்கள். ஒரு தலைமுறை முழுவதும் நாலு புள்ளி கீழே இறங்கினால், சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைகளின் எண்ணிக்கை வெகுவாகக் கூடிவிடும்.

சரி, ரத்தத்திலிருந்து ஈயத்தை வெளியேற்றும் மருந்து இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. அமெரிக்காவில் ரத்த ஈயம் அதிகமிருந்த 780 சிறு குழந்தைகளைச் சேர்த்து, சக்சிமர் என்ற மருந்தை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். 2001ல் முடிவு வந்தது. மருந்து ரத்தத்தில் ஈயத்தைக் குறைத்தது. அறிவுத்திறன் சோதனைகளில் எந்த முன்னேற்றமும் இல்லை. மருத்துவத்தின் கை இங்கே கட்டுப்பட்டுவிடுகிறது. உள்ளே போகாமல் தடுப்பது ஒன்றுதான் வழி. அது மருத்துவமனைக்குள் நடக்கிற காரியம் இல்லை.

சந்தேகப் பட்டியல்

டாக்காவில் உள்ள சர்வதேச வயிற்றுப்போக்கு நோய் ஆய்வு மையமும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து இந்த வேலையை எடுத்துக்கொண்டன. ஸ்டான்ஃபோர்டு தரப்பில் ஜென்னா ஃபோர்சைத் களத்தில் இருந்தார். டாக்காவில் பல ஆண்டுகள் பணியாற்றிய ஸ்டீவன் லூபி வழிகாட்டினார்.

தொடக்கத்தில் சந்தேகம் பல பக்கம் போனது. பூச்சிக்கொல்லியில் ஈயம் கலப்படமா? ஈயப் பற்றவைப்புள்ள தகர டப்பாக்களா? அரிசி அரைக்கும் இயந்திரமா? கர்ப்ப காலத்தில் சில பெண்கள் தின்னும் சுட்ட களிமண்ணா? ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. வழக்கமான கேள்வித்தாள் ஆய்வு இந்த இடத்தில் தடுமாறும். என்ன தின்றீர்கள், எதைத் தொட்டீர்கள் என்று கேட்டால் எல்லாரும் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். மஞ்சள் போடாத சமையல் அங்கே எந்த வீட்டில் இருக்கிறது? எல்லாரும் உண்ணும் பொருளே விஷமானால், உண்பவரையும் உண்ணாதவரையும் ஒப்பிடும் புள்ளியியல் அதைப் பிடிக்கவே பிடிக்காது.

மஞ்சள்மீது சந்தேகம் முன்பே எழுந்திருந்தது. வங்கதேசக் கிராம வீடுகளின் மஞ்சள்தூளில் ஈயம் அதிகம் என்று 2014ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். மஞ்சளில் ஈயம் இருக்கிறது, தாயின் ரத்தத்திலும் ஈயம் இருக்கிறது. இரண்டும் ஒரே ஈயம்தானா என்பது தனிக் கேள்வி.

மூலத்தைத் தேடி

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். ஈயத்துக்கு அது பொருந்தாது; அதன் மூலத்தைப் பார்த்தே ஆக வேண்டும், பார்க்கவும் முடியும். ஈயத்துக்கு நான்கு நிலையான ஐசோடோப்புகள், அதாவது எடையில் மட்டும் வேறுபடும் அணு வகைகள்: 204, 206, 207, 208. கடைசி மூன்றும் யுரேனியமும் தோரியமும் சிதைவதாலும் உண்டாகிக் கூடிக்கொண்டே வருகின்றன. ஒரு தாது எத்தனை கோடி ஆண்டுக்கு முன் உருவானது, அதன் சுற்றுப்புறப் பாறையில் யுரேனியமும் தோரியமும் எவ்வளவு இருந்தன என்பதைப் பொறுத்து இந்த நான்கின் விகிதமும் மாறும். உருக்கினாலும், சாயமாக்கினாலும், வயிற்றுக்குள் போய் ரத்தத்தில் கலந்தாலும் விகிதம் மாறாது.

இந்த நுட்பத்தைக் கூர்தீட்டியவர் பூமியின் வயதைக் கணக்கிட்ட கிளேர் பேட்டர்சன். விண்கல்லின் ஈய விகிதத்தைக் கொண்டு 455 கோடி ஆண்டு என்று 1956ல் அவர் சொன்னார். அந்த வேலையின்போது ஆய்வகம் எங்கும் ஈயம் படிந்திருப்பதைக் கண்டு, அது எங்கிருந்து வருகிறது என்று தேடப் போய், ஈய பெட்ரோலுக்கு எதிரான போராட்டத்தில் இறங்கினார். இன்னொரு பக்கம், குழந்தை மருத்துவமும் மனநல மருத்துவமும் தெரிந்த ஹெர்பர்ட் நீடில்மேன் பள்ளிப் பிள்ளைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்து, பல்லில் ஈயம் கூடினால் வகுப்பறையில் கவனம் குறைகிறது என்று 1979ல் காட்டினார். பாறை படித்தவரும் பிள்ளைகளைப் படித்தவரும் வெவ்வேறு வழியாக வந்து நின்ற இடம் ஒன்றே. ஈயத் தொழில் நிறுவனங்கள் இருவரையும் சும்மா விடவில்லை என்பது தனிக் கதை.

வங்கதேசக் குழு அதே நுட்பத்தைக் கையில் எடுத்தது. பெண்களின் ரத்தத்தில் உள்ள ஈய விகிதத்தை மண், அரிசி, மஞ்சள் முதலான சந்தேகப் பொருள்களின் விகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ரத்தம் மஞ்சளோடு ஒத்துப்போனது. 2019ல் இந்த முடிவு வெளியானது. ஒத்துப்போவது வலுவான சான்று. தனித்து நின்றால் போதாது, ஏனென்றால் வேறொரு மூலத்துக்கும் அதே விகிதம் தற்செயலாக இருக்கலாம். மஞ்சளுக்குள் ஈயம் எப்படிப் போனது என்பதும் தெரிந்தால்தான் வழக்கு முழுமையாகும். மஞ்சள் செடி மண்ணிலிருந்து உறிஞ்சும் ஈயம் அந்த அளவுக்கு வராது.

பாலிஷ் ஆலைக்குள்

என் பார்வையில் இந்த ஆய்வின் உயிர்நாடி அடுத்த கட்டம்தான். குழுவினர் நாட்டின் முக்கியமான ஒன்பது மஞ்சள் மாவட்டங்களுக்குப் போனார்கள். விவசாயி, பாலிஷ் போடுபவர், மொத்த வியாபாரி, மசாலா தயாரிப்பவர் என்று மஞ்சள் கைமாறும் வரிசை முழுவதிலும் 152 பேரிடம் பேசினார்கள். மஞ்சள், சாயப்பொடி, தூசி, மண் என்று 524 மாதிரிகள் எடுத்தார்கள்.

மஞ்சள் கிழங்கைப் பறித்ததும் வேகவைத்து, வெயிலில் காயவைக்கிறார்கள். காய்ந்த கிழங்கின் மேல்தோல் கரடுமுரடாக, மங்கலாக இருக்கும். அதைச் சுழலும் உருளையில் கொட்டிப் பாலிஷ் போடும்போது தோல் தேய்ந்து நிறம் தெரியும். சரியாகக் காயாத கிழங்கோ பூச்சி அரித்த கிழங்கோ எவ்வளவு தேய்த்தாலும் பளிச்சென்று வராது. அந்த இடத்தில்தான் ஒரு மஞ்சள் பொடி உள்ளே வருகிறது. உருளைக்குள் கொஞ்சம் தூவிச் சுற்றினால் சொத்தைக் கிழங்கும் முதல் தரக் கிழங்கும் ஒரே நிறமாகிவிடும். உள்ளூரில் பெயுரி என்று விற்ற அந்தப் பொடி, பெயின்ட் வகையறாவுக்குப் போடும் லெட் குரோமேட் சாயம். சோதித்தபோது அதில் ஈயமும் குரோமியமும் சேர்ந்தே இருந்தன.

இது எப்போது தொடங்கியது என்று கேட்டதற்கு, முப்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது என்றார்கள் பாலிஷ் போடுபவர்கள். 1980களில் வந்த ஒரு பெருவெள்ளத்தில் மஞ்சள் நனைந்து நிறம் கெட்டது. நட்டத்தைச் சமாளிக்கச் சாயம் பூசினார்கள். வெள்ளம் வடிந்தது, வழக்கம் தங்கிவிட்டது. அதற்குள் வாங்குபவர்களின் கண் அந்தப் பளீர் நிறத்துக்குப் பழகிவிட்டது. சாயம் போடாத நல்ல மஞ்சள் பக்கத்தில் வைத்தால் மட்டமாகத் தெரிந்தது.

ஒன்பது மாவட்டங்களில் ஏழில் சாயக் கலப்படத்துக்குச் சான்று கிடைத்தது. மஞ்சளில் அளந்த அதிகபட்ச ஈயம் ஒரு கிராமுக்கு 1,152 மைக்ரோகிராம். நாட்டின் சட்ட வரம்பு 2.5. அதாவது சுமார் 460 மடங்கு.

பேட்டிகள் சொன்ன விஷயத்தை எந்த ஆய்வகக் கருவியும் சொல்லியிருக்காது. ரத்தச் சோதனை யாருக்குப் பாதிப்பு என்று காட்டியது, ஐசோடோப்பு எதிலிருந்து என்று காட்டியது, பேட்டிதான் ஏன் என்று காட்டியது. காரணம் பேராசை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டால் தீர்வும் தண்டனையோடு முடிந்துவிடும். இங்கே விவசாயி, ஆலைக்காரர், மண்டிக்காரர், வீட்டுக்கு வாங்குபவர் எல்லாரும் நிறத்தைப் பார்த்தே விலை பேசினார்கள். ஒருவர் மட்டும் சாயத்தை நிறுத்தினால் அவர் சரக்கு தேங்கும். எல்லாரும் ஒரே நேரத்தில் நிறுத்தினால் யாருக்கும் நட்டமில்லை. பாலிஷ் தூசியை முதலில் சுவாசிப்பவர்கள் ஆலைத் தொழிலாளர்கள் என்பதும் களத்துக்குப் போனதால் தெரிந்தது. பின்னர் சோதித்தபோது அவர்களில் ஒருவரது ரத்தத்தில் 64 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது.

ஆய்வுத்தாளுக்கு அப்புறம்

2019 செப்டம்பரில் முடிவுகள் வெளியாயின. பெரும்பாலான ஆய்வுகள் இந்த இடத்தில், மேற்கொண்டு ஆய்வு தேவை என்ற ஒரு வரியோடு நின்றுவிடும். இந்தக் குழுவோ முடிவுகள் வெளியாவதற்கு முன்பே வங்கதேச உணவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் போய்ப் பேசியிருந்தது. பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் செய்தியைப் பெரிதாக எடுத்துக்கொண்டன. மஞ்சளில் சாயம் கலப்பது குற்றம் என்று ஆணையம் பொது அறிவிப்பு வெளியிட்டது. சுமார் 50,000 துண்டறிக்கைகளும் சுவரொட்டிகளும் மண்டிகளுக்கும் சந்தைகளுக்கும் போயின. வியாபாரிகளை நேரில் கூட்டிப் பேசினார்கள்.

அப்புறம் சோதனை. டாக்காவின் ஷியாம்பஜார் நாட்டின் மிகப் பெரிய மஞ்சள் மொத்தச் சந்தை. அங்கே அதிகாரிகள் கையில் ஓர் எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவியோடு இறங்கினார்கள். துப்பாக்கி மாதிரி பிடித்துக் கிழங்கின்மேல் வைத்து அழுத்தினால் எக்ஸ்ரே பாயும். ஈய அணு தனக்கே உரிய ஆற்றலில் பதில் எக்ஸ்ரே வெளியிடும். கொஞ்ச நேரத்தில் திரையில் எண் வந்துவிடும். வழக்கமாக இதே சோதனைக்கு மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி, அமிலத்தில் கரைத்து, முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். அதற்குள் சரக்கு விற்றுத் தீர்ந்திருக்கும். இங்கே மூட்டை இருக்கும் இடத்திலேயே, உரிமையாளர் நிற்கும்போதே எண் தெரிந்தது. இரண்டு வியாபாரிகளுக்கு 8 லட்சம் டாக்கா (வங்கதேச நாணயம்) அபராதம். 900 கிலோவுக்கும் மேல் சரக்கு பறிமுதல். கேமராக்கள் அங்கேயே இருந்தன.

8 லட்சம் டாக்கா ஒரு பெரிய மொத்த வியாபாரத்துக்குத் தாங்க முடியாத தொகை இல்லை. ஆனால் கருவி இருக்கிறது, யாரிடமும் வரும் என்ற செய்தி மற்ற மண்டிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் நிறுத்தினால்தான் நிற்கும் என்று பேட்டிகள் சொன்னதற்கு இது சரியாகப் பொருந்தியது.

என்ன மாறியது

2019ல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் தட்டுப்பட்டது. 2021ல் பூஜ்யம். மொத்தம் 631 மாதிரிகள். ஆலைகளில் சாயப்பொடி நேரடியாகக் கிடைத்தது 2017ல் 30 சதவீத இடங்களில். 2021ல் ஓர் ஆலையிலும் இல்லை. இரண்டு ஆலைகளில் 15 தொழிலாளர்களின் ரத்தத்தை 16 மாதம் கழித்துத் திரும்பச் சோதித்தபோது இடைநிலை அளவில் ஈயம் 30 சதவீதம் இறங்கியிருந்தது. அதிகபட்ச அளவு 64லிருந்து 32.7 ஆனது.

பூஜ்யம் என்ற எண்ணைப் பார்த்து மயங்கிவிடவும் கூடாது. அது குறிப்பிட்ட காலத்தில், பெரிய மொத்தச் சந்தையில் எடுத்த மாதிரிகளின் நிலை. ஆணையத்தில் ஆட்கள் மாறலாம், கருவி அலமாரிக்குப் போகலாம், இன்னொரு வெள்ளம் வரலாம். குழந்தைகளின் அறிவுத்திறன் உயர்ந்ததா என்று யாரும் இங்கே நேரடியாக அளக்கவில்லை. ஈயம் குறைந்தால் மூளைக்கு என்ன ஆகும் என்பதை மற்ற நாடுகளின் நீண்டகால ஆய்வுகளைக் கொண்டுதான் சொல்கிறோம். தொழிலாளியின் 32.7ம் பாதுகாப்பான எண் இல்லை. எலும்பில் தங்கியது கரைந்து வர இன்னும் பல ஆண்டுகள் ஆகும்.

மஞ்சள் ஒரு வழி மட்டுமே. பேட்டரி உருக்கும் பட்டறைகள், ஈயப் பெயின்ட், தரமில்லாத அலுமினியப் பாத்திரங்கள் என்று மற்ற வழிகள் திறந்தே இருக்கின்றன. உலகில் மூன்றில் ஒரு குழந்தைக்கு, அதாவது 80 கோடி வரையிலான குழந்தைகளுக்கு ரத்த ஈயம் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருக்கும் என்று யுனிசெஃபும் ப்யூர் எர்த் அமைப்பும் 2020ல் மதிப்பிட்டன. இந்த வழிகளை அடைப்பது மஞ்சளைவிடச் சிரமம். சாயத்தை நிறுத்தினால் மஞ்சள் வியாபாரம் தொடரும். பேட்டரி உருக்குபவரிடம் ஈயத்தை நிறுத்தச் சொன்னால் பிழைப்பே போய்விடும். அங்கே பொருளாதாரம் தெரிந்தவர்களும் தொழிலாளர் அமைப்புகளும் முன்வரிசைக்கு வர வேண்டியிருக்கும்; உணவு அதிகாரிக்கு அதில் வேலை இல்லை. ஷியாம்பஜாரில் நடந்ததை அப்படியே நகலெடுத்தால் அங்கே பலிக்காது.

மஞ்சளுக்கு மட்டும் அடுத்த கட்டம் ஏற்கெனவே தெளிவாக இருக்கிறது. அதே ஆய்வாளர்கள் பங்கேற்று 2024ல் வெளியான ஆய்வு இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளின் 23 நகரங்களில் வாங்கிய மஞ்சளைச் சோதித்தது. சுமார் 14 சதவீத மாதிரிகளில் ஒரு கிராமுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருந்தது. பாட்னா, கராச்சி, பெஷாவர் நகரங்களில் 1,000ஐத் தாண்டிய மாதிரிகளும் கிடைத்தன. பாலிஷ் போட்ட முழுக் கிழங்கிலும் உதிரியாக விற்கும் தூளிலும்தான் பிரச்சினை அதிகம். பாக்கெட்டில் அடைத்து விற்கும் பிராண்டுகளில் குறைவு. கருவி இருக்கிறது, சாயத்தின் பெயர் தெரியும், அது உருளைக்குள் எந்தக் கட்டத்தில் போகிறது என்றும் தெரியும். வங்கதேசத்தில் ஆணையம் செய்த வேலையை இந்த ஊர்களில் எந்த அலுவலகம் எடுத்துக்கொள்ளப் போகிறது என்பதுதான் பாக்கி.